புது வீடு என்றொரு பெயர்

என் தாத்தாவின் பெயர் சவரிமுத்து. எங்கள் கடற்கரைப் பக்கம் அந்தப் பெயர் சாதாரணம். ஒரு தெருவில் நின்று கூப்பிட்டால் இரண்டு மூன்று வீட்டிலிருந்து பதில் வரும். எங்கோ ஸ்பெயினில் ஒரு மலையடிவாரத்தில் இருந்த வீட்டுக்கும் தாத்தாவின் பெயருக்கும் உறவு உண்டு என்று எனக்கு ஒரு கால்பந்துப் போட்டி வழியாகத்தான் தெரிந்தது.

2010 ஜூலை 11. உலகக்கோப்பை இறுதிப்போட்டி ஜோகன்னஸ்பர்க்கில். நமக்கு இரவு பன்னிரண்டு மணிக்குத்தான் ஆட்டம் தொடங்கியது. வீட்டில் எல்லாரும் படுத்துவிட்டார்கள். நானும் தூக்கம் வராத தாத்தாவும் மட்டும் தொலைக்காட்சிக்கு முன்னால். ஸ்பெயினும் நெதர்லாந்தும் ஆடுகின்றன. வர்ணனையாளர் நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

“ஏலே, அவன் பேரு என்னல? சாவியா?”

“ஆமா தாத்தா, சாவி. எட்டாம் நம்பர். முழுப்பேரு சேவியர்.”

“அப்போ நம்ம சவேரியார் பேருல்லா அது!”

அந்த ஒரு வரி எனக்குள் தங்கிவிட்டது. இனியெஸ்தா கோல் போட்டு ஆட்டம் முடியும்போது இரவு இரண்டு மணி கடந்திருந்தது. மறுநாள் ஸ்பெயின் அணியின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எட்டாம் எண் சாவி. பதினான்காம் எண் ஷாபி அலோன்சோ. இருபதாம் எண் ஹாவி மார்த்தினெஸ். எழுத்து வேறு, உச்சரிப்பு வேறு. ஆனால் மூன்றும் ஒரே பெயர். இருபத்து மூன்று பேர் கொண்ட அணியில் ஒரே பெயர் மூன்று மொழிகளில் சட்டை போட்டுக்கொண்டு நின்றது.

சாவி பிறந்தது கத்தலோனியாவின் தெர்ராசாவில். அந்த மொழியில் பெயர் ஷபியே என்று ஒலிக்கும், செல்லமாகச் சாவி. ஷாபி பிறந்தது பாஸ்க் நாட்டின் தொலோசாவில். பாஸ்க் மொழியில் ஷபியேர், சுருக்கம் ஷாபி. ஹாவி பிறந்தது நவார்ராவின் எஸ்தேய்யா பக்கத்தில். அவருக்கு ஸ்பானியப் பெயரான ஹவியேர், சுருக்கம் ஹாவி. ஸ்பெயினில் ஒருவர் தன் பெயரை எந்த எழுத்தில் தொடங்குகிறார் என்று பார்த்தாலே அவர் குடும்பம் எந்த மொழியை நெஞ்சில் வைத்திருக்கிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சிக் காலத்தில் குழந்தைக்குப் பெயர் பதிவதென்றால் ஸ்பானிய வடிவத்தில்தான் பதிய வேண்டும். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1938இலேயே அதற்கான ஆணை வந்துவிட்டது. பாஸ்க் அம்மா வீட்டில் மகனை ஷபியேர் என்று கூப்பிடலாம். அரசுப் பதிவேட்டில் அவன் ஹவியேர்தான். பிராங்கோ 1975இல் இறந்தார். 1977 ஜனவரியில் சட்டம் திருத்தப்பட்டு, ஸ்பெயினின் எந்த மொழியிலும் பெயர் வைக்கலாம் என்றானது. சாவி பிறந்தது 1980இல். ஷாபி பிறந்தது 1981இல். ஒரு ஐந்தாறு ஆண்டு முன்னால் பிறந்திருந்தால் இருவர் பதிவிலும் ஹவியேர் என்றுதான் எழுதியிருப்பார்கள். அந்த உலகக்கோப்பைச் சட்டைகளின் முதுகில் இருந்த எழுத்துகளுக்குப் பின்னால் இப்படி ஒரு வரலாறு இருக்கிறது.

வீடுதான் பெயர்

சரி, பெயரின் பொருள் என்ன? ஸ்பானிய மொழியில் தேடினால் கிடைக்காது. லத்தீனிலும் கிடைக்காது. இது பாஸ்க் சொல். பாஸ்க் மொழி ஐரோப்பாவின் எந்த மொழிக் குடும்பத்திலும் சேராத தனி மொழி. ரோமானியர் வருவதற்கு முன்பிருந்தே பிரெனே மலைகளின் இருபுறமும் பேசப்பட்டு வருவது. அதில் ‘எச்சே’ என்றால் வீடு. ‘பெர்ரி’ என்றால் புதியது. எச்சே பெர்ரி, புது வீடு. அவ்வளவுதான்.

யாரோ ஒரு குடும்பம் என்றோ ஒரு புது வீடு கட்டியிருக்கிறது. அக்கம்பக்கத்தார் அதைப் புதுவீடு என்றே சொல்லியிருக்கிறார்கள். வீடு பழசாகி, அதைச் சுற்றி ஊர் வளர்ந்த பிறகும் பெயர் புதுவீடாகவே நின்றுவிட்டது. நாம் புதூர், புதுப்பட்டி, புதுக்கோட்டை என்று எத்தனை பழைய ஊர்களைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்! கேரளத்துக்காரர்கள் புத்தன்வீட்டில் என்று வீட்டுப்பெயர் வைத்திருப்பார்களே, அதே மனம்தான்.

பாஸ்க் மக்களுக்கு வீடுதான் அடையாளம். மனிதருக்கு வீட்டின் பெயர் வரும். அதனால் ‘புது வீடு’ பல வடிவங்களில் குடும்பப் பெயராகவும் பரவியது. எச்செவெர்ரியா, எச்சவார்ரி, சாவார்ரி, எல்லாம் இந்தச் சொல்லிலிருந்து வந்தவை. 1970 முதல் 1976 வரை மெக்சிகோவின் அதிபராக இருந்த லூயிஸ் எச்செவெர்ரியாவின் குடும்பப் பெயரும், 1982 முதல் 1991 வரை ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த பெருநாட்டவர் ஹவியேர் பெரெஸ் தே குவேய்யாரின் முதற்பெயரும் வேரில் ஒரே சொல். இத்தாலியில் காசனோவா என்ற குடும்பப் பெயருக்கும் பொருள் புது வீடுதான். ஆனால் ஆளின் பெயராக, ஞானஸ்நானத் தொட்டியருகே குழந்தைக்குச் சூட்டும் பெயராக ஆனது இந்த பாஸ்க் புது வீடு.

எச்சே பெர்ரி எப்படி ஷவியேர் ஆனது? நவார்ரா, அரகோன் எல்லையில் பாஸ்க்கும் லத்தீனிலிருந்து வந்த மக்கள் பேச்சும் பக்கத்தில் பக்கத்தில் புழங்கின. அந்தப் பேச்சுக்கு ஒரு வழக்கம் உண்டு. அழுத்தி ஒலிக்கும் எகரத்தை ‘இயே’ என்று நெளிக்கும். லத்தீனின் தெர்ரா (நிலம்) ஸ்பானியத்தில் தியெர்ரா ஆனது அப்படித்தான். பெர்ரி அதே போலப் பியெர் ஆனது. முன்னாலிருந்த எகரம் வாய்க்கு வாய் தேய்ந்து விழுந்தது. மிஞ்சியது ஷவியேர். உச்சரிப்பு மாறிய பிறகு அந்த ஊர்க்காரர்களுக்கே அது புது வீடு என்பது மறந்துபோயிருக்கும்.

இடிக்கப்பட்ட வீட்டின் பிள்ளை

அந்த ஊர் இப்போதும் இருக்கிறது. நவார்ராவின் கிழக்கோரம், சாங்குவேசா நகரத்துக்குப் பக்கத்தில், மிகச் சின்ன ஊர். பாறைமேல் ஒரு கோட்டை வீடு. அதில் 1506 ஏப்ரல் 7 அன்று வீட்டின் கடைக்குட்டியாக ஒரு பையன் பிறந்தான், பின்னாளில் நம் சவேரியார் ஆனவன். பெயர் பிரான்சிஸ்கோ. அப்பா ஹுவான் தே ஹாசோ, நவார்ரா அரசின் உயர்மன்றத்துத் தலைவர். அம்மா மரியா தே அஸ்பிலிக்குவெத்தா. கோட்டை அம்மா வழிச் சொத்து.

பையனுக்கு ஆறு வயதாகும்போது, 1512இல், நவார்ரா அரசைப் பக்கத்து அரசான கஸ்தீல் கைப்பற்றியது. 1515இல் அப்பா இறந்தார். மறு ஆண்டு நவார்ராவை மீட்க நடந்த முயற்சி தோற்றது. அதற்குத் தண்டனையாகக் கஸ்தீலின் ஆட்சிப் பொறுப்பிலிருந்த கர்தினால் சிஸ்னேரோஸ், எதிர்த்து நின்ற கோட்டைகளை இடிக்கச் சொன்னார். ஷவியேர் கோட்டையின் கோபுரங்களைத் தட்டினார்கள், மதில்களை இறக்கினார்கள், அகழியைத் தூர்த்தார்கள். குடும்பம் வசிக்க ஒரு பகுதி மட்டும் மிஞ்சியது. தன் வீடு இடிபடுவதைப் பத்து வயதுப் பையன் பார்த்துக்கொண்டிருந்தான். உலகமெல்லாம் தன் பெயரால் ‘புது வீடு’ என்ற சொல்லைக் கொண்டுபோகப் போகிறவன் அவன். இந்த இடத்தை எழுதும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடும்.

1521இல் அவருடைய அண்ணன்கள் மிகேலும் ஹுவானும் பிரெஞ்சுப் படையோடு சேர்ந்து பம்ப்லோனாவை மீட்கப் போனார்கள். கஸ்தீல் தரப்பில் அந்த ஊர்க் கோட்டையைக் காத்து நின்றவர்களில் ஒருவருக்குப் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்தது. அவர் பெயர் இஞ்ஞாசியார், லொயோலாக்காரர். எட்டு ஆண்டு கழித்துப் பாரிஸில் சாந்த்-பார்ப் கல்லூரியில் பிரான்சிஸ்கோவின் அறைக்குக் குடிவந்தவரும் அதே இஞ்ஞாசியார்தான். அண்ணன்களின் எதிர்ப்படைக்காரர், தம்பியின் அறைத்தோழர். 1534 ஆகஸ்ட் 15 அன்று மோன்மார்த்ர் குன்றில் ஏழு பேர் சேர்ந்து வாக்குறுதி எடுத்துக்கொண்டார்கள். 1540இல் அது இயேசு சபை ஆனது. 1541இல், தன் முப்பத்தைந்தாவது பிறந்தநாளில், பிரான்சிஸ்கோ லிஸ்பனிலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறினார். திரும்பி வீட்டுக்குப் போகவேயில்லை. கோவா, முத்துக்குளித்துறை, மலாக்கா, மொலுக்காத் தீவுகள், ஜப்பான் என்று அலைந்து, சீனாவுக்குள் நுழையக் காத்திருந்த வேளையில் சாங்சுவான் தீவில் 1552 டிசம்பர் 3 அன்று இறந்தார். வயது நாற்பத்தாறு.

ஊர்ப் பெயர் ஆள் பெயர் ஆன கதை

கவனியுங்கள், அவருடைய பெயர் பிரான்சிஸ்கோ. ஷவியேர் என்பது ஊர். 1622 மார்ச் 12 அன்று ரோமில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். அதே நாளில் இஞ்ஞாசியாருக்கும், அவிலாவின் தெரேசாவுக்கும், மத்ரிதின் உழவர் இசிதோருக்கும், ரோமின் பிலிப் நேரிக்கும் பட்டம். கத்தோலிக்க உலகில் பிரான்சிஸ்கோ என்றால் ஏற்கெனவே அசிசியார் இருக்கிறார். இவரைத் தனியாகச் சொல்ல வேண்டுமே! அதனால் பிள்ளைக்குப் பெயர் வைப்பவர்கள் ஊரையும் சேர்த்து ‘பிரான்சிஸ்கோ ஹவியேர்’ என்று வைத்தார்கள். காலப்போக்கில் பின்பாதி கழன்று தனியாக நடக்கத் தொடங்கியது. ஹவியேர் என்ற ஆள்பெயர் பிறந்தது இப்படி.

ஸ்பெயினில் இதற்கு இன்னும் உதாரணங்கள் உண்டு. போர்ஹா என்று ஒரு ஆண்பெயர். அதுவும் ஒரு ஊர், அரகோனில் இருக்கிறது. அங்கிருந்து வந்த குடும்பத்தில் பிறந்த இயேசு சபைத் தலைவர் பிரான்சிஸ்கோ தே போர்ஹாவின் பெயரை வைத்து, பின்பாதி மட்டும் மிஞ்சியது. ஆனால் ஹவியேர் அளவுக்கு எதுவும் பரவவில்லை.

நவார்ராவுக்கு அவர் பாதுகாவலர், எருதோட்டத்துக்குப் பெயர்போன புனித ஃபெர்மினோடு சேர்த்து. அவர் இறந்த டிசம்பர் 3தான் இன்றும் நவார்ரா நாள், அரசு விடுமுறை. ஹவியேர் என்று பெயருள்ள எல்லாருக்கும் அன்று பெயர்த் திருநாள். பிறந்தநாளைப் போலவே வாழ்த்துச் சொல்வார்கள். மார்ச் மாதத்தில் பம்ப்லோனாவிலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் ஹவியேர் கோட்டைக்கு நடந்தே போகிறார்கள். பம்ப்லோனாவிலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். இந்த நடைபயணத்துக்கு ஹவியெராதா என்று பெயர். வேளாங்கண்ணிக்கு நடந்துபோகிறவர்களைப் பார்த்திருக்கிறோமே, அதே கால்வலி, அதே பாட்டு, அதே தண்ணீர்ப் பந்தல்கள் என்று நினைத்துக்கொள்ளலாம். இடிந்த கோட்டையைப் பின்னாளில் திருத்திக் கட்டிவிட்டார்கள். அதன் சிற்றாலயத்தில் அக்ரூட் மரத்தில் செதுக்கிய சிலுவைநாதர் ஒருவர் இருக்கிறார். வேதனையிலும் புன்னகைக்கும் முகம். சுவரில் சாவின் நடனத்தைக் காட்டும் ஓவியங்கள்.

எழுத்து மாறியது, ஒலியும் மாறியது

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அந்தப் பையன் பிறந்த காலத்தில் பெயரின் முதல் ஒலி ‘ஷ’. பழைய ஸ்பானியத்தில் எக்ஸ் எழுத்துக்கு அந்த ஒலிதான். ஷவியேர் என்றுதான் சொன்னார்கள். பதினாறாம் நூற்றாண்டின் பின்பாதியிலும் பதினேழாம் நூற்றாண்டிலும் ஸ்பானிய நாக்கில் ஒரு பெரிய மாற்றம் வந்தது. ‘ஷ’ ஒலி வாயின் முன்பகுதியிலிருந்து தொண்டைக்குப் பின்வாங்கி, கரகரத்த ‘ஹ’ ஆகிவிட்டது. எழுத்து மட்டும் நெடுங்காலம் எக்ஸாகவே நின்றது. 1815இல் ஸ்பானிய அரச அகாதமி, இந்த ஒலிக்கு இனி ஜே எழுத்து என்று விதித்தது. அன்றிலிருந்து எழுத்திலும் ஹவியேர். மெக்சிகோ மட்டும் தன் நாட்டுப் பெயரில் பழைய எழுத்தை விட மறுத்துவிட்டது. எழுதுவது எக்ஸ், சொல்வது மெஹிக்கோ.

செர்வாந்தெஸின் நாயகன் டான் குயிக்ஸோட்டின் பெயருக்கும் இதே கதி. 1605இல் நூல் வெளிவந்தபோது அட்டையில் இருந்தது எக்ஸ். இன்றைக்கு ஸ்பானியர் கிஹோத்தே என்கிறார்கள். ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் கிஷோத் என்றுதான் சொல்கிறார்கள். ஏனென்றால் அவர்கள் அந்தப் பெயரைக் கடன் வாங்கியபோது ஸ்பானிய வாயில் ஷகரம் இருந்தது. ஹெரெஸ் என்ற ஊரின் மதுவை ஆங்கிலேயர் ஷெர்ரி என்பதும் அதனால்தான். தாய்வீட்டில் மறைந்த ஒலி, கடன் கொடுத்த வீடுகளில் பத்திரமாக இருக்கிறது.

போர்த்துக்கீசியமும் கத்தலானும் பாஸ்க்கும் ஷகரத்தை விடவில்லை. பிரெஞ்சுக்காரர் எக்ஸை எழுத்துப்படி உடைத்து க்ஸவியே என்கிறார்கள். ஆங்கிலத்தில் அது ஸேவியர் ஆகி, அங்கிருந்து நம் பள்ளிக்கூட வாசல்களில் சேவியர் என்று வந்து உட்கார்ந்தது. ஜெர்மன் பேசும் நாடுகளில், முக்கியமாக பவேரியாவிலும் ஆஸ்திரியாவிலும், ஃப்ரான்ஸ் க்ஸாவெர் என்று சேர்த்தே வைத்தார்கள். கிறிஸ்துமஸ் இரவில் உலகம் முழுக்கப் பாடும் ‘சைலண்ட் நைட்’ பாட்டுக்கு 1818இல் இசையமைத்தவர் ஃப்ரான்ஸ் க்ஸாவெர் குரூபர். மோசார்ட்டின் கடைசி மகனும் ஃப்ரான்ஸ் க்ஸாவெர். மோசார்ட் விட்டுப்போன இறுதிச்சடங்கு இசையை முடித்துக் கொடுத்த சீடர் சூஸ்மாயரும் ஃப்ரான்ஸ் க்ஸாவெர். நவார்ராவில் ஒரு குடும்பம் கட்டிய வீடு ஆஸ்திரியாவின் இசையில் இப்படி மூன்று தடவை கேட்கிறது.

ஹவியேர்களின் காலம்

ஸ்பெயினுக்கே திரும்புவோம். பெயரின் பொற்காலம் இருபதாம் நூற்றாண்டின் பின்பாதி. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் பிரான்சிஸ்கோ ஹவியேர் என்ற இரட்டைப்பெயர் வீட்டுக்கு வீடு வைக்கப்பட்டது. ஹோசே லூயிஸ், ஹுவான் கார்லோஸ், மிகேல் ஆங்ஹெல் என்று இரட்டைப்பெயர்கள் ஓங்கியிருந்த காலம் அது. கத்தோலிக்கப் பெயர்தான் முறையான பெயர் என்று சட்டமும் சபையும் சேர்ந்து சொன்ன காலம். எண்பதுகளுக்கு வரும்போது இரட்டைப்பெயர் மோகம் தணிந்து, தனி ஹவியேர் முன்னுக்கு வந்தது. அன்று பம்ப்லோனா முதல் காதிஸ் வரை எந்த வகுப்பறையிலும் ஹாவி என்று கூப்பிட்டால் ஒரு தலையாவது திரும்பும்.

ஸ்பெயினின் தேசியப் புள்ளியியல் நிறுவனத்தின் பட்டியலில் ஆண்பெயர்களின் முதல் வரிசைகளில் இன்றும் ஹவியேர் நிற்கிறது. தனி ஹவியேர்கள் ஏறத்தாழ 3 லட்சம் பேர். பிரான்சிஸ்கோ ஹவியேர்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேல். ஐம்பது ஆண்கள் கூடிய இடத்தில் ஒரு ஹவியேராவது இருக்க வாய்ப்புண்டு என்று பொருள். ஆனால் இப்போது பிறக்கும் குழந்தைகளுக்கு ஊகோ, மத்தேயோ, மார்த்தின், லூக்காஸ், லேயோ என்று சின்னச் சின்னப் பெயர்களாக வைக்கிறார்கள். ஹவியேர் அப்பாக்களின் பெயராகிக்கொண்டிருக்கிறது. இன்னும் கொஞ்ச நாளில் தாத்தாக்களின் பெயராகும். பெயர்களுக்கும் வயதாகிறது.

அந்தத் தலைமுறை ஹவியேர்கள் என்னென்ன செய்திருக்கிறார்கள் என்று பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. ஹவியேர் சொலானா 1995 முதல் 1999 வரை நேட்டோவின் பொதுச்செயலாளர். அவரது முழுப்பெயரிலும் முன்னால் பிரான்சிஸ்கோ உண்டு. நாவலாசிரியர் ஹவியேர் மரியாஸ் 1951இல் பிறந்து 2022இல் மறைந்தார். ஸ்பானிய உரைநடையில் நீண்டு நீண்டு போகும் வாக்கியத்துக்கு அவர் ஒரு தனி மூச்சைக் கொடுத்தார். ஹவியேர் பார்தெம் 2008இல் ஆஸ்கார் வாங்கினார். ஸ்பெயின் நடிகர் ஒருவர் அதை வாங்கியது அதுவே முதல் முறை. கடலுக்கு அப்பால் கியூபாவின் ஹவியேர் சொத்தோமயோர், 1993 ஜூலை 27 அன்று ஸ்பெயினின் சலமாங்காவில் 2.45 மீட்டர் உயரம் தாண்டினார். முப்பது ஆண்டுக்கு மேலாகியும் அந்த உயரத்தை எவரும் மிஞ்சவில்லை. அர்ஜென்டினாவுக்கு ஹவியேர் சனெத்தி, ஹவியேர் மஸ்செரானோ என்று கால்பந்துக்காரர்கள். 2023 டிசம்பரில் அங்கே அதிபரானவரும் ஹவியேர் மிலெய்.

பெண்களுக்கும் இந்தப் பெயர் உண்டு: ஹவியேரா. சிலி நாட்டில் அதற்குத் தனி மதிப்பு. 1781இல் பிறந்த ஹவியேரா கர்ரேரா அந்த நாட்டின் விடுதலைப் போராட்டத்தில் முன்நின்றவர். சிலியின் முதல் கொடியைத் தைத்தவர் என்று அவரை அந்நாட்டார் நினைவில் வைத்திருக்கிறார்கள். அவருடைய முழுப்பெயரின் தொடக்கம் பிரான்சிஸ்கா ஹவியேரா. வீடு என்ற சொல்லைப் பெயரில் சுமந்த பெண் நாட்டுக்குக் கொடி தைத்தார் என்பது எனக்கு நெருக்கமான செய்தி.

நம் வாயில் மிஞ்சிய ஒலி

இப்போது தாத்தாவிடம் வருகிறேன். பிரான்சிஸ்கோ 1542 மே 6 அன்று கோவாவில் இறங்கினார். அதே ஆண்டின் பிற்பகுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அந்தக் கரையின் மீனவர்களான பரதவர்கள் அதற்கு ஐந்தாறு ஆண்டு முன்பே ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். ஆனால் மந்திரங்களைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. உள்ளூர்க்காரர்களின் துணையோடு செபங்களைத் தமிழில் பெயர்த்து மனப்பாடம் செய்து, மணியடித்துக்கொண்டே ஊர் ஊராகப் போய்க் கற்றுக்கொடுத்தார். மணப்பாட்டுக் கடலோரத்துக் குகையை இன்றும் அவர் தங்கிய இடம் என்று காட்டுகிறார்கள். கோட்டாற்றில் அவர் பெயரில் பேராலயம் இருக்கிறது. ஒவ்வொரு டிசம்பர் 3க்கும் அங்கே திருவிழா. நவார்ராவில் அரசு விடுமுறை விடும் அதே நாளில் நாகர்கோவில் தெருக்களிலும் கூட்டம் நிரம்பும்.

அவர் பெயர் நம் காதில் விழுந்தது போர்த்துக்கீசியர் வாயிலிருந்து, ஷகரத்தோடு. தமிழ் நாக்கு அதைச் சகரமாக எடுத்துக்கொண்டது. ஆர் விகுதி சேர்த்து மரியாதையாகச் சவேரியார் என்றது. பிள்ளைகளுக்கு வைக்கும்போது சவரிமுத்து, சவரிராயன், சவரியம்மாள் என்று தன் வழக்கப்படி உறவாக்கிக்கொண்டது. கதவைப் பூட்டிவிட்டுச் சாவி என்கிறோமே, அதுவும் போர்த்துக்கீசியச் சொல்தான். புது வீடு வந்த கப்பல்களிலேயே சாவியும் வந்திருக்கிறது.

அந்தப் பெயரை வைத்துக்கொண்டவர்கள் தமிழுக்கும் நிறையச் செய்தார்கள். பிரதாப முதலியார் சரித்திரம் எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் தந்தை பெயர் சவரிமுத்துப் பிள்ளை. தமிழாராய்ச்சிக்கென்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் இதழ் நடத்தியவர் பண்டித சவரிராயர். 1964இல் டெல்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் அமையவும், 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு கூடவும் காரணமாயிருந்தவர் யாழ்ப்பாணத்துத் தனிநாயகம் அடிகள். நூல்களின் அட்டையில் அவர் பெயர் சேவியர் எஸ். தனிநாயகம்.

இதையெல்லாம் நான் எழுதக் காரணம் என் சித்தப்பா மகன். தாத்தாவின் பெயரைத்தான் அவனுக்கும் வைத்தார்கள். வெளியூருக்குப் படிக்கப் போன இடத்தில் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தார்களாம். நாட்டுப்புறப் பெயர் என்றார்களாம். ஊருக்கு வந்தவன் கெஜட்டில் கொடுத்துச் சேவியர் என்று மாற்றிக்கொண்டான். “சவரின்றது தப்பான உச்சரிப்புண்ணே, சேவியர்தான் சரி” என்றான். தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து திண்ணைக்குப் போய்விட்டார். எனக்கும் அன்று பதில் தெரியவில்லை.

இன்று தெரியும், தம்பி. சேவியர் என்பது ஆங்கிலேயர் தங்கள் வசதிக்கு வாசித்த வாசிப்பு. ஹவியேர் என்பது ஸ்பெயினின் இன்றைய உச்சரிப்பு. அந்த மனிதர் மணப்பாட்டுக் கரையில் நின்றபோது அவர் பெயர் ஷவியேர். அன்று நேரில் கேட்ட ஒலியை நம் ஆட்கள் பிடித்து வைத்திருக்கிறார்கள். சவேரியார் என்பதில் இருக்கும் சகரம் அந்தப் பழைய ஷகரத்தின் பிள்ளை. தாய்நாடான ஸ்பெயின் அதைத் தொலைத்து நானூறு ஆண்டாகிறது. நம் மீனவர் குடும்பங்கள் தொலைக்கவில்லை. திருந்தாத உச்சரிப்பு என்று நாம் வெட்கப்பட்ட பெயர், மற்றவர்களின் திருத்தங்களைவிட மூத்தது.

தாத்தா இப்போது இல்லை. கல்லறையில் சவரிமுத்து என்றுதான் எழுதியிருக்கிறோம்.

படிக்கும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் சவரி என்று தொடங்கும் பெயர் யாருக்காவது இருந்தால் அதைச் சுருக்காதீர்கள், திருத்தாதீர்கள். அடுத்து பிறக்கும் பிள்ளைக்கு அதைத் தயங்காமல் வையுங்கள். அது என்ன பெயர் என்று பள்ளியில் யாராவது கேட்டால், புது வீடு என்று பொருள் சொல்லப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுங்கள்.